பரிமாறுகிற கைக்கு ஓர் அகப்பை

உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பு தேங்காய்ச் சிரட்டையின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை சுரண்டியது. இடது கை சிரட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக் கொடுத்தது. தும்பும் பழுப்புத் தூளும் மடியில் விரித்திருந்த சாக்கில் விழுந்தன. ஒவ்வோர் இழுப்பும் தேவைக்கு மேல் அழுத்தமாக இருந்தது.

“கோவத்தைச் சிரட்டையிலை காட்டாதை, பிள்ளை,” என்றார் முற்றத்தில் மூங்கில் சீவிக்கொண்டிருந்த தகப்பன் யோகலிங்கம். “அது வெடிச்சுப் போடும்.”

“வெடிச்சா வேறை சிரட்டை கிடக்கு, அப்பா.”

“வேறை கோவமும் கிடக்கும்.”

அவள் சிரட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பார்த்தாள். ஒரு பக்கம் அரிசி மணியளவு உயர்ந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் நாலு தரம் தேய்த்தாள்.

அவள் பெயர் கௌசலா. முள்ளியவளையில் ஒரு கூட்டுறவுக் கடையில் அரிசி, மா, பருப்பு நிறுத்துப் போடுகிற வேலை. வயது முப்பது. பதினொரு வயதில் அவளுக்கு முதலாம் வகை நீரிழிவு வந்தது. உடல் இன்சுலினைத் தானாகச் சுரப்பதை நிறுத்திவிடுகிற நோய், ஊர்ப்பேச்சில் வருத்தம். சீனியை அளவுக்கு மீறித் தின்று வந்ததல்ல, யாருடைய பாவத்தாலும் வந்ததல்ல. ஆனாலும் ஊருக்கு அவள் அன்றிலிருந்து “ஊசிக்காரி.” மூன்று சம்பந்தங்கள் வந்து, ஊசிப் பேச்சு எழுந்ததும் திரும்பிப் போயின. நாலாவதாக வந்த தரகருக்கு அவளே தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ஓம், நாளுக்கு நாலு ஊசி. மாப்பிள்ளைக்கு ஊசியெண்டால் பயமோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ.” அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

2009இல், போரின் கடைசி மாதங்களில், அவளுக்குப் பதினைந்து வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை மணல்வரை போனபோது யோகலிங்கம் மருந்துப் போத்தல்களை ஈரத்துணியில் சுற்றி, மண்சட்டிக்குள் வைத்து, பங்கர்க் குழியின் ஈர மணலில் புதைத்து வைத்தார். ஊசி இருந்தது. சாப்பாடு இருக்கவில்லை. கஞ்சி கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் ஊசி போட முடியாது. போட்டபின் கஞ்சி வராவிட்டால் இரத்தத்திலுள்ள சீனி இறங்கிக்கொண்டே போகும். முதலில் கை நடுங்கும், பிறகு வேர்க்கும், பிறகு நினைவு போகும். கஞ்சியைக் கண்ணால் கண்டபின்தான் ஊசியை எடுக்க வேண்டும் என்று அவள் அங்கே படித்தாள். எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு ஊசி, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வேறொன்றும் அவ்வளவு முக்கியமில்லை என்று அவள் நினைத்தாள்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிற நாட்களில் சின்னப் பிள்ளைகளும் தாய்மாரும் அவளைச் சுற்றிக் குந்துவார்கள். அவர்கள் கையில் எங்கோ அச்சடித்த ஒரு துண்டுப்பிரசுரம் இருக்கும். அதில் ஒரு துண்டு பாண் ரொட்டி, அரைக் கிண்ணம் ஓட்ஸ், ஒரு சிறிய அப்பிள் என்று அளவுகள் போட்டிருக்கும். கௌசலாவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகிற பழம். மூன்று நேரமும் சோறும் பிட்டும் இடியப்பமும் தின்கிற பிள்ளைக்கு அது என்னத்தைச் சொல்கிறது?

அதனால்தான் சிரட்டை. நன்றாக முற்றிய தேங்காயின் கண் இல்லாத பாதியை எடுப்பாள். சுரண்டி மினுக்கி, ஆறிய சோற்றை நிரப்பி, கத்தியின் முதுகால் மட்டம் தட்டி, தராசில் வைப்பாள். நூற்றைம்பது கிராமுக்கு மேலே போனால் விளிம்பைத் தேய்ப்பாள். குறைந்தால் அந்தச் சிரட்டை அடுப்புக்குப் போகும். மூன்று தரம் நிரப்பி மூன்று தரமும் ஒரே எடை காட்டினால்தான் அவள் அதைச் சரி என்பாள். பிட்டு உதிரியாகக் கிடப்பதால் அதற்குத் தனிக் கணக்கு. உள்ளே கத்தி முனையால் ஒரு கோடு. கிளினிக் வைத்தியர் ஒருமுறை வாங்கித் தன் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எந்தப் பிள்ளைக்கு எத்தனை சிரட்டை, அதற்கு எவ்வளவு ஊசி என்பதை அவர்தான் எழுதிக் கொடுப்பார். அதில் கௌசலா தலையிடமாட்டாள். ஆறு வருடத்தில் பதினெட்டுப் பிள்ளைகளுக்குச் சிரட்டை செய்து கொடுத்திருந்தாள்.

அந்தப் பதினெட்டில் ஒருத்தி ரஜிதா. பதினாறு வயது. புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியில் இறங்கி, காட்டுப்பாதையால் உள்ளே போக வேண்டிய ஊர். அங்கே பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். தாய் சிவலட்சுமியின் ஆட்கள் ஒரு காலம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். மகளை முள்ளியவளைப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்திருந்தாள். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ரஜிதா வழக்கம்போல இரண்டு சிரட்டைச் சோற்றுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக் குந்தினாள். தட்டில் விழுந்தது அதில் பாதி. ஒரு மணித்தியாலத்தில் படிப்பறையில் கை நடுங்கத் தொடங்கியது. பையிலிருந்து ஒரு டொபியை எடுத்தாள். மேற்பார்வைக்கு நின்றவர் அதைப் பறித்தார்: “சீனி வருத்தக்காரிக்கு டொபி கேக்குதோ?” பத்து நிமிடத்தில் பிள்ளை வாங்குப் பலகையிலிருந்து சரிந்து விழுந்தாள். அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தரம். அன்று பின்னேரமே விடுதி ஒரு கடிதம் எழுதியது. பிள்ளையின் பொறுப்பை இனி ஏற்க இயலாது, வெள்ளிக்கிழமை வந்து பெட்டியோடு அழைத்துச் செல்லவும்.

புதன்கிழமை சிவலட்சுமி அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கௌசலாவின் கடை மேசையில் வைத்தாள்.

“எங்க புள்ளய வீட்டுக்கு அனுப்பிட்டா பரீட்சை எழுதுறது எப்படி, தங்கச்சி? காலையில எங்க ஊருல இருந்து பஸ்ஸே கெடையாதே.”

கௌசலா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் பரிதாபம் வரவில்லை. கோபந்தான் வந்தது.

“வாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் போடுங்கோ எண்டு கேக்க உனக்கு என்னடி?”

“கேட்டா சோத்துக்குப் பறக்கிறாள் எண்டு சொல்லுவினம், அக்கா.”

“நான் தந்த சிரட்டை எங்கை?”

ரஜிதா சுவர்ப்பக்கம் திரும்பினாள். “பெட்டிக்குள்ளை.”

“பெட்டிக்குள்ளை வைச்சுப் பூசை செய்யவோ தந்தனான்?”

“முதல் நாளே கொண்டு போனனான், அக்கா. லைனிலை நிண்டு நீட்டினன். பின்னாலை நிண்டவள் சொன்னாள், ‘என்னடி, பிச்சைச் சிரட்டையோ? தோட்டத்திலை இப்பிடித்தான் ஏந்தித் தின்னுறனீங்களோ?’ எண்டு. எல்லாரும் சிரிச்சவை. பிறகு நான் கொண்டு போகேல்லை.”

கௌசலா வீட்டுக்கு வந்து தகப்பனிடம் இதைச் சொன்னபோது அந்தக் கேலி பேசினவளைத்தான் திட்டினாள். யோகலிங்கம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“அவள் சொன்னது பிழை. ஆனா உனக்கு இது தெரியாதோ? நான் சின்னனிலை அப்புவோடை ஊரிலை தேத்தண்ணிக் கடைக்குப் போறனான். எங்களுக்குப் பித்தளை மூக்குப் பேணியிலை தேத்தண்ணி வரும். சாதி சொல்லி வெளியிலை நிப்பாட்டின சனத்துக்குச் சிரட்டையிலை. அவையள் அதைக் கையிலை ஏந்திக்கொண்டு நிண்டு குடிப்பினம். நான் உள்ளுக்கு வாங்கிலை குந்தியிருந்து பாத்துக்கொண்டு குடிச்சனான். இந்த நாட்டிலை சிரட்டையை நீட்டுறவன் எப்பவும் கீழைதான் நிண்டவன், பிள்ளை. நீ அதை அந்தப் பிள்ளையின்ரை கையிலை குடுத்துவிட்டிருக்கிறாய்.”

“நான் அளவுக்குத்தானே குடுத்தனான்!”

“நீ தராசைப் பாத்தனி. கையைப் பாக்கேல்லை.”

அவள் எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, தான் சிரட்டை கொடுத்த வீடுகளை ஒவ்வொன்றாக அழைத்தாள். சிரட்டை வாங்கிய ஜனகனின் தாய் சொன்னாள்: “அது அலுமாரிக்கு மேலை கிடக்குது. நூல்கட்டை போட்டு வைச்சிருக்கிறன். நல்ல வடிவா இருக்கு.” இன்னொரு வீட்டில் கிணற்றடியில் குளிக்கிற சவர்க்காரம் வைக்க. இன்னொரு பிள்ளை வீட்டில் மட்டும் பாவிக்கிறானாம். ஆக்களுக்கு முன்னால் எடுக்கமாட்டானாம். பேசி முடித்தபோது ஆறு வருட வேலையில் நாலு சிரட்டைதான் சோற்றுக்குள் போய்வருகிறது என்று தெரிந்தது.

விடுதி மேல் இருந்த கோபத்தோடு இப்போது தன் மேலும் கோபம் சேர்ந்துகொண்டது. பிள்ளைக்கு வருத்தம். ஊசி பிள்ளையின் வேலை. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பது பிள்ளையின் வேலை. சொந்தக்காரரின் பேச்சைக் கேட்பது பிள்ளையின் வேலை. இவ்வளவும் போதாதென்று அளவையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, நாற்பது பேருக்கு முன்னால் நீட்டு என்று அனுப்பியிருக்கிறாள். பிள்ளை ஒளித்து வைத்ததில் என்ன பிழை? நம் வீடுகளில் எவரும் தன் தட்டில் தானே போட்டுக்கொள்வதில்லை. எவ்வளவு விழ வேண்டும் என்பதைப் பரிமாறுகிற கைதான் முடிவு செய்கிறது. அப்படியென்றால் அளவு இருக்க வேண்டியது அந்தக் கையில்.

அதனால்தான் வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் முற்றத்தில் குந்தியிருந்தாள். யோகலிங்கம் அகப்பைக் காம்புக்கு மூங்கில் சீவினார்.

சிரட்டை மினுங்கத் தொடங்கியதும் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நேரெதிரே இரண்டு துளை போட வேண்டும். விளிம்புக்கு மிகக் கிட்டப் போட்டால் உடையும். கீழே இறங்கினால் காம்பு சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அளவு குறையும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைத்தாள். யோகலிங்கம் காம்பை நுழைத்து மரஆப்பு அடித்தார். இறுகியது. சோறு நிரப்பி, மட்டம் தட்டி, வெறும் அகப்பையின் எடையைக் கழித்துப் பார்த்தாள். நூற்று நாற்பத்திரண்டு.

“காம்பு தின்னுது, அப்பா.”

“எட்டுக் கிராம்தானே.”

“எட்டு எட்டாத்தான் விழுத்துறது.”

காம்பைக் கழற்றினாள். உள்ளே நிற்கும் பகுதியைச் சீவி மெலிதாக்கி மறுபடி நுழைத்தாள். நூற்று நாற்பத்தேழு. மறுபடி கழற்றினாள். யோகலிங்கம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நாலாவது தரம் நூற்றைம்பது காட்டியது. அப்புறம் இரண்டு தரம் நிரப்பி நிறுத்தாள். மாறவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவளும் சிவலட்சுமியும் ரஜிதாவும் விடுதிக்குப் போனார்கள். ரஜிதா முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். குசினிக்குப் பொறுப்பான சுமித்திரா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். விடுதிப் பொறுப்பாளர் விமலேஸ்வரி ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் ரீச்சர். ரஜிதாவின் பெட்டி கட்டி வாசலில் தயாராக வைக்கப்பட்டிருந்தது.

“நீங்கள் ஆர், பிள்ளை? சொந்தமோ?” என்று அவர் கௌசலாவைக் கேட்டார்.

“இல்லை, ரீச்சர். எனக்கும் இந்த வருத்தந்தான். அந்தச் சொந்தம்.”

“எனக்கு இந்தப் பிள்ளையிலை கோவம் ஒண்டுமில்லை. பயம். நாப்பத்திமூண்டு பிள்ளையள் இருக்கினம். ஒண்டு செத்துப்போனா ஆர் பதில் சொல்லுறது?”

“செவ்வாய்க்கிழமை இவளுக்கு எவ்வளவு சோறு போட்டனீங்கள்?”

“பாவமெண்டு பாதிதான் போடச் சொன்னனான். சீனி வருத்தத்துக்குச் சோறு கூடாதெண்டு ஆருக்குத் தெரியாது? என்ரை மனுசனுக்கும் சீனி. இருபது வருசம் பாத்தனான்.”

“உங்கடை மனுசனுக்கு வந்தது வேறை, ரீச்சர். இவள் ரண்டு சிரட்டைச் சோத்துக்கு ஊசி போட்டிட்டு வந்து குந்துறாள். நீங்கள் பாவம் பாத்து ஒரு சிரட்டை போடுறியள். மிச்ச ஊசி என்னத்தைத் தின்னும்? அவளைத்தான் தின்னும்.” கௌசலாவின் குரல் உயர்ந்தது. “பிறகு கை நடுங்கி டொபியை எடுத்தா, அதையும் பறிச்சுப் போட்டியள்.”

சிவலட்சுமி அவளது கையைப் பிடித்தாள். “சத்தம் போடாதீங்க, தங்கச்சி. புள்ளய வெளிய போட்டுருவாங்க.”

“பெட்டி வாசலிலை கிடக்கு, அக்கா. வெளியிலை போட்டாச்சு. இனிச் சத்தம் போட்டா என்ன?” மறுபடி விமலேஸ்வரியிடம் திரும்பினாள். “ஷெல்லடிக்குள்ளை பங்கருக்குள்ளை இருந்து ஊசி போட்டனான், ரீச்சர். உயிரோடை நிக்கிறன். அண்டைக்கு எங்களிட்டைச் சோறு இல்லை, அதாலை பயந்தனாங்கள். உங்களிட்டை ஒரு அண்டா சோறு இருக்கு. சோத்துக்குப் பக்கத்திலை வைச்சு ஒரு பிள்ளையைப் பட்டினியிலை விழுத்தியிருக்கிறியள்.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். விமலேஸ்வரியின் முகம் சிவந்தது. ஆனால் அவர் திருப்பிச் சத்தம் போடவில்லை.

“சரி. நான் பிழை விட்டன் எண்டு வையுங்கோ. இனி என்ன செய்யச் சொல்லுறியள்?”

கௌசலா பையிலிருந்து அகப்பையை எடுத்தாள். “இதாலை ரண்டு. கத்தியாலை மட்டம் தட்டி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பிட்டெண்டால் உள்ளுக்குக் கோடு இருக்கு. எத்தனை எண்டு டொக்டர் எழுதினது இந்தக் கடதாசியிலை கிடக்கு.”

“ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி அகப்பையோ? மற்றதுகள் என்ன கதைக்குங்கள்?”

“தனியா வேண்டாம். எல்லாருக்கும் இதாலையே போடுங்கோ. ஆளுக்கு ரண்டு. வயிறு நிரம்பாதவை பிறகு வந்து வாங்கட்டும்.”

“நாப்பத்திமூண்டு பேருக்கும் ஒரு சின்ன அகப்பையாலை போட்டா எப்ப முடியிறது?”

“எப்பிடியும் முடியும், ரீச்சர்,” என்றாள் அதுவரை பேசாமல் நின்ற சுமித்திரா. “போன மாசம் தொடக்கம் உங்களிட்டை அகப்பை கேட்டுக் கேட்டு வாய் நோகுது. இஞ்சை பாருங்கோ, காம்பு முறிஞ்சு கயித்தாலை கட்டி வைச்சிருக்கிறன்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். விமலேஸ்வரி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“ஆனாலும்...” என்று அவர் தொடங்கினார்.

ரஜிதா தாயின் பக்கத்திலிருந்து ஓர் அடி முன்னே வந்தாள். கையில் இன்சுலின் ஊசிப் பேனை இருந்தது. விடுதியில் எவரும் அதுவரை அதைக் கண்டதில்லை. எப்போதும் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டுதான் போடுவாள்.

“ரீச்சர், எனக்குச் சாப்பாட்டு நேரமாச்சுது. நான் ஊசி போடட்டோ, வேண்டாமோ? போட்டா இஞ்சை சாப்பிட வேணும். பாதிச் சோறுதான் தருவியள் எண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் போடேல்லை. போட்ட பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிக்க ஏலாது.”

அவள் பேனையை ஒளிக்கவில்லை.

விமலேஸ்வரி பேனையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எதிரில் நின்ற பிள்ளை பதில் வரும்வரை அசையப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

“போடு,” என்றார் கடைசியில். “பரீட்சை முடியுமட்டும் இரு. ஆனா இன்னொரு தரம் விழுந்தியெண்டால்...”

“விழுந்தா நினைவிருக்கேக்கை முதலிலை சீனி குடுங்கோ,” என்றாள் கௌசலா. “நினைவில்லையெண்டால் வாயிலை ஒண்டும் ஊத்தாமல், ஒருபக்கமாச் சரிச்சுக் கிடத்திப்போட்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. கடிதத்தைப் பிறகு எழுதலாம். டொபி எப்பவும் அவளின்ரை சட்டைப் பொக்கற்றிலை இருக்கும். அதிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது.”

நன்றி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஏழு கிழமைக்குத்தான் இந்த அனுமதி. மற்றப் பதினேழு பேரின் சிரட்டைகளுக்கும் இன்னும் காம்பு போடவில்லை. அவர்களுடைய பள்ளிக்கூடங்களிலும் கலியாண வீடுகளிலும் ஒவ்வோர் இடமாகப் போய் இதே சத்தத்தைப் போட வேண்டும். இவ்வளவு சாதாரணமான ஒரு விஷயத்துக்கு இவ்வளவு சத்தம் தேவைப்பட்டதே என்று நெஞ்சு இன்னும் கொதித்தது.

ரஜிதா அங்கேயே வாங்கில் குந்தி, சட்டையைக் கொஞ்சம் விலக்கி, வயிற்றில் ஊசியைப் போட்டாள். முன்வரிசையில் நின்ற ஒருத்தி “நோகுமோடி?” என்று கேட்டாள். “உனக்குக் குத்திக் காட்டட்டோ?” என்றாள் ரஜிதா. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். சிவலட்சுமி வாசலுக்குப் போய்ப் பெட்டியை உள்ளே இழுத்து வைத்தாள்.

சுமித்திரா முறிந்த அகப்பையை அண்டாவின் பக்கத்தில் போட்டுவிட்டு, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். கௌசலா சிரட்டைப் பக்கத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, காம்பை அவளிடம் கொடுத்தாள்.